எந்த அரணுள் நிற்பது?

சதுரங்கப் பலகையின் முன் அமரும் இருவருள் ஒருவனுக்கே முதல் நகர்வு உரியது. வெள்ளைக் காய்களைப் பெற்றவன் தொடங்குகிறான். கறுப்புக் காய்களைப் பெற்றவன் விடை கூறுகிறான். வாழ்க்கையைச் சதுரங்கத்தோடு ஒப்பிடுவது மிகப் பழைய உவமை. பலர் கையாண்டு தேய்ந்துபோன உவமையுங்கூட. ஆயினும் அவ்வுவமையைக் கூறுவோர் பெரும்பாலும் வெள்ளைக் காய்களின் பக்கம் நின்றே பேசுகின்றனர். திட்டமிடு, முந்து, தாக்கு என்பது அவர்தம் அறிவுரை. நம்மில் மிகப் பலரோ வாழ்நாளின் பெரும்பகுதியைக் கறுப்புக் காய்களைக் கொண்டே ஆடித் தீர்க்கிறோம். பிறந்த குடி, கிடைத்த வேலை, மாற்றலாகி வந்த ஊர், மேலிடத்திலிருந்து இறங்கும் ஆணை ஆகிய இவற்றுள் எதனையும் நாம் தொடங்கவில்லை. விடை கூறுவதொன்றே நம் பங்கு. எனவே, கறுப்புக் காய்களைக் கொண்டு ஆடுபவன் தனக்குரிய தற்காப்பை எவ்வாறு தேர்ந்தெடுக்க வேண்டும் என்னும் சிறு வினா, விளையாட்டின் எல்லையைத் தாண்டி அறத்தின் எல்லைக்குள்ளும் அடியெடுத்து வைக்கிறது.

இதனை எழுதுபவன் ஆட்டத்தில் பெயர் பெற்றவன் அல்லன். திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, இளங்கலைப் பட்டம் பெற்று, மைய அரசின் எழுத்தனாகத் தேர்வாகிக் கொல்கத்தாவுக்கு வந்தவன். டாலிகஞ்சில் வாடகை வீட்டில் குடியிருப்பவன். வந்த புதிதில் மொழி தெரியாது, நண்பர் இல்லை. சனிக்கிழமை மாலைகளில் லேக் மார்க்கெட்டுக்குச் சென்று காப்பித்தூளும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு திரும்புவதே பொழுதுபோக்கு. அவ்வாறு சென்ற ஒரு மாலையில் சற்று அப்பாலும் நடந்து பார்க்கலாம் என்று கரியாஹாட்டை அடைந்தபோது, அங்குள்ள மேம்பாலத்தின் நிழலில் ஒரு காட்சியைக் கண்டேன். மேலே வண்டிகள் உருண்டோட, கீழே வரிசையாகப் பலகைகளை விரித்து வைத்துக்கொண்டு முதியோரும் இளைஞரும் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தனர். ஆடுபவர் ஒருவர் என்றால் அறிவுரை கூறுபவர் நால்வர். மொழி தெரியாத ஊரில் எனக்குத் தெரிந்த மொழி ஒன்று பேசப்படக் கண்டேன்.

அம்மொழியிலும் சிறு மாறுபாடுகள் இருந்தன. மூலையில் நிற்கும் காயை நாம் யானை என்கிறோம். வங்காளியர் அதனைப் படகு என்னும் பொருளில் 'நௌகா' என்பர். நாம் மந்திரி என்பதை அவர்கள் யானையாக்கிக் 'கஜ' என்பர். நாம் ராணி என்பதற்கோ அவர்கள் இட்ட பெயர் மந்திரி! "மந்திரியைப் பாருங்கள், மந்திரியைப் பாருங்கள்" என்று அருகில் நின்றவர் இரக்கத்தோடு எச்சரிக்க, நான் என் மந்திரியைக் காத்து ராணியைப் பறிகொடுத்த மாலை இன்றும் நினைவில் நிற்கிறது. ஒரே படை, பெயர்கள் மட்டும் ஊருக்கு ஊர் இடம் மாறி நிற்கின்றன.

ஆட்டம் அறியாத அன்பர்களுக்காகத் தற்காப்பு என்பதனைச் சில சொற்களில் விளக்குதல் வேண்டும். வெள்ளை முதலில் ஒரு சிப்பாயை நடுப்பகுதிக்கு நகர்த்துவது வழக்கம். அதற்குக் கறுப்பு பலவாறாக விடை தரலாம். எதிரே தன் சிப்பாயையும் இரண்டு கட்டம் நிறுத்தி நேருக்கு நேர் நிற்கலாம். பக்கவாட்டிலிருந்து தாக்கலாம், அது சிசிலித் தற்காப்பு. ஒரு கட்டம் மட்டும் நகர்ந்து, அடுத்த நகர்வில் நடுவை எதிர்க்கலாம். அது பிரெஞ்சுத் தற்காப்பு. 1834ஆம் ஆண்டில் தொடங்கிய பாரிஸ், இலண்டன் நகரங்களுக்கிடையிலான அஞ்சல்வழிப் போட்டியில் பாரிஸ் நகரத்தார் அதனைக் கையாண்டு வென்றமையால் அப்பெயர் நிலைத்தது. காரோ, கான் என்னும் இருவர் 1886இல் ஆராய்ந்து வெளியிட்டது அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. வெள்ளையை நடுவில் பெருங்கோட்டை கட்ட விட்டுவிட்டுப் பின்னர் அதனை இடிக்க முயல்வனவும் உண்டு. அவற்றின் பெயர் நமக்கு நெருக்கமானது. அதனைப் பின்னர்க் காண்போம்.

புதிதாக ஆட்டத்தில் முன்னேற விரும்புபவன் இத்தனை கதவுகளுக்கும் முன்னே நின்று திகைக்கிறான். நானும் திகைத்தேன். திகைப்பின் முடிவில் எல்லாவற்றினும் எளிதாகத் தோன்றிய ஒன்றைப் பற்றிக்கொண்டேன். எதிரி எதனை ஆடினாலும் நான் ஆடுவது ஒன்றே. சிப்பாய்களை ஒவ்வொரு கட்டம் மட்டும் நகர்த்துவது. இரண்டு மந்திரிகளையும் ஓரங்களில் மறைத்து வைப்பது. குதிரைகளைச் சிப்பாய்களின் பின்னே நிறுத்துவது. எல்லைக்கோட்டைத் தாண்டாது காத்திருப்பது. ஆட்டநூல்கள் இவ்வமைப்பிற்கு 'நீர்யானை' என்று பெயரிட்டுள்ளன. நீர்மட்டத்தில் கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு கிடக்கும் அவ்விலங்கின் இயல்பை எண்ணினால் பெயரின் பொருத்தம் விளங்கும்.

இத்தற்காப்பு எனக்குப் பல வெற்றிகளையும் தந்தது என்பதை மறைத்தல் ஆகாது. பொறுமையற்ற எதிரிகள் என் சுவரில் மோதிச் சிதறினர். ஆனால், திறமையாளர் எவரேனும் எதிரில் அமர்ந்தால் நிகழ்வது வேறு. அவர் விரைந்து தாக்கமாட்டார். மெல்ல மெல்ல இடத்தைப் பிடித்துக்கொள்வார். என் காய்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மூச்சுத் திணறும். முப்பதாம் நகர்வில் ஆட்டம் முடிந்துவிட்டிருக்கும். நான் பெரும்பிழை எதனையும் செய்யவில்லை, ஆயினும் தோற்றிருப்பேன்.

மேம்பாலத்தின் கீழ் நாள்தோறும் வந்து அமரும் முதியவர் ஒருவர் இருந்தார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரை 'மாஷ்டார் மொஷாய்' என்றே அழைப்பர். ஒருநாள் அவ்வாறு நான் தோற்றெழுந்தபோது அவர் கேட்டார்: "எந்த இடத்தில் தோற்றீர்கள்?" நான் சற்று எண்ணிப் பார்த்து, "தெரியவில்லை, மாஷ்டார் மொஷாய்" என்றேன். "ஐந்து ஆண்டுகளாக உங்களைப் பார்க்கிறேன். ஐந்து ஆண்டுகளாக இதே விடையைத்தான் சொல்கிறீர்கள். தோற்பதில் தவறில்லை, பாபு. எங்கே தோற்றோம் என்று தெரியாமல் தோற்பதற்குத்தான் நீங்கள் இவ்வளவு பாடுபட்டு ஒரு தற்காப்பைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்" என்றார். கூறிவிட்டுத் தம் மண்கோப்பைத் தேநீரில் ஆழ்ந்துவிட்டார். எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

தற்காப்பைத் தேர்வது பற்றி ஆட்டக்காரரிடையே இரண்டு கொள்கைகள் உண்டு. முதற்கொள்கை, இயல்புக்கு ஏற்றதைத் தேர்க என்பது. அமைதியானவன் அமைதியான தற்காப்பையும், துணிந்தவன் துணிச்சலான தற்காப்பையும் கொள்ளட்டும். பிறருக்குப் பொருந்தியது நமக்குப் பொருந்தாது என்பர் இக்கொள்கையினர். இரண்டாம் கொள்கை இதற்கு நேர்மாறானது. இயல்பு என்று நாம் அழைப்பதில் பாதி நம் அச்சமே. ஆதலின், கற்கும் பருவத்தில் உள்ளவன் தன் குறைக்கு மருந்தாகும் தற்காப்பையே தேர வேண்டும். ஒளிந்துகொள்பவன் வெளியில் வரட்டும், பாய்ந்து விழுபவன் காத்திருக்கப் பழகட்டும் என்பர் இவர்கள்.

இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டிலும் இடரும் உண்டு. முதலாவதைப் பின்பற்றுபவன் தன் குறைக்கே கோயில் கட்டிக் கும்பிடக் கூடும். இரண்டாவதைப் பின்பற்றுபவன் தனக்கு ஒவ்வாத ஆடையை உடுத்தி, ஆட்டத்தின் இன்பத்தையே இழந்து, ஒரு திங்களில் அதனை எறிந்துவிட்டு மற்றொன்றைத் தேடக் கூடும். இவ்வாறு மாதத்திற்கு ஒரு தற்காப்பாக மாற்றிக்கொண்டே இருப்பவர்களை எல்லா ஆட்டக்களங்களிலும் காணலாம். ஒவ்வொரு தோல்விக்கும் அவர்கள் தற்காப்பையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவர். தாம் ஒருபோதும் ஏறமாட்டார். மாறாத என் நீர்யானையும் மாறிக்கொண்டே இருந்த அவர்களது தற்காப்புகளும் வெளித்தோற்றத்தில் வேறு, உட்பொருளில் ஒன்றே. இரண்டும் பொறுப்பிலிருந்து தப்பும் வழிகள்.

வள்ளுவர் அரண் என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். நீரும் நிலமும் மலையும் காடும் அரணாதல் கூறி, மதிலின் உயரமும் அகலமும் பேசி, முடிவில் அவர் வந்து நிற்கும் இடம் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. கோட்டை எத்தகைய பெருமை உடையதாயினும், உள்ளே நிற்பவரிடம் செயல் திறம் இல்லையானால் கோட்டை இருந்தும் இல்லாததே என்பது அவர் முடிபு. மதிலை ஆராயப் புகுந்தவர் மனிதனை ஆராய்ந்து முடிக்கிறார். சதுரங்க நூல்கள் நூற்றுக்கணக்கான பக்கங்களில் கூறத் தயங்குவதை அவர் ஓர் அதிகாரத்தில் கூறிவிட்டார்.

நான் வாழும் இந்நகரிலேயே இதற்கொரு சான்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு வழக்கறிஞர் வாழ்ந்தார். அக்காலத்தின் வலிமை மிக்க ஆட்டக்காரருள் ஒருவர் அவர். வங்காளத்தின் ஊர்ப்புறத்தில் தோல்வி அறியாதவர் என்று பெயர் பெற்றிருந்த மகேஷ் சந்திர பந்தோபாத்யாயர் என்பவர் நகருக்கு வந்து அவரோடு ஆடலானார். ஆங்கில ஏடுகள் மோஹிஷ்சந்தர் பானர்ஜி என்று எழுதுவது இவரையே. 1848 முதல் அவ்விருவரும் ஆடிய ஆட்டங்கள் நூற்றுக்கணக்கில் பதிவாகியுள்ளன.

மகேஷ் சந்திரர் கற்று வளர்ந்தது நம் நாட்டு ஆட்டமுறை. அம்முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். ஆகவே ஓரச் சிப்பாய்களை ஒவ்வொரு கட்டம் நகர்த்தி, மந்திரியை மூலைவிட்டத்தில் நிறுத்தி, தொலைவிலிருந்து நடுவை நோக்குவது நம்மவர்க்குப் பழக்கமாயிற்று. மேலை விதிகளின்படி ஆட நேர்ந்தபோது மகேஷ் சந்திரர் தம் பழக்கத்தைத் துறக்கவில்லை. அதற்குள் முடங்கிக் கிடக்கவுமில்லை. 1855ஆம் ஆண்டில் அவர் காக்ரேனுக்கு எதிராக ஆடிய ஆட்டம் ஒன்று இன்றும் போற்றப்படுகிறது. வெள்ளை தன் சிப்பாய்களை நடுவில் நிறுத்த இடங்கொடுத்து, குதிரையையும் மூலைவிட்ட மந்திரியையும் அணியமாக்கி, மூன்றாம் நகர்விலேயே ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் செலுத்தி அந்நடுவைத் தாக்கினார். ஆட்டத்தில் வென்றார். அதே தற்காப்பை 1922இல் வியன்னாவைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் ஆடிக் காட்டினார். அது அவர் பெயரால் உலகெங்கும் வழங்கலாயிற்று. இவ்வகைத் தற்காப்புகள் பலவற்றுக்கு இந்தியத் தற்காப்பு என்னும் பொதுப்பெயர் நிலைத்ததே நமக்குக் கிடைத்த ஆறுதல்.

ஆனால், புகழ் யாரைச் சேர்ந்தது என்பது இங்கு நம் ஆராய்ச்சி அன்று. நான் வியப்பது வேறொன்றை. அவ்விருவர் ஆட்டங்களில் காக்ரேன் வென்றவையே மிகுதி. காக்ரேன் தம் குதிரையைப் பலியிட்டு ராஜாவின் மதிலை உடைக்கும் புகழ்பெற்ற தாக்குதலையும் 1848இல் மகேஷ் சந்திரருக்கு எதிராகவே ஆடினார். அத்தாக்குதல் இன்றும் காக்ரேன் பெயரையே தாங்கியுள்ளது. ஊரில் தோல்வி அறியாதவராக இருந்த ஒருவர், ஊரிலேயே இருந்திருந்தால் இறுதிவரை தோல்வி அறியாதவராகவே இருந்திருக்கலாம். அவர் அதனை விரும்பவில்லை. வலியவர் முன் வந்தமர்ந்தார்; தோற்றார்; மறுநாளும் வந்தமர்ந்தார். 1855இன் வெற்றி அத்தோல்விகளின் மேல் எழுந்தது.

அவர் அந்த ஆட்டத்தை ஆடிய மறு ஆண்டு, 1856இல், அயோத்தி அரசைக் கும்பினியார் கவர்ந்துகொண்டனர்; நவாப் வாஜித் அலி ஷா இந்நகரின் மேட்டியாபுரூசில் வந்து குடியேறினார். அவ்வீழ்ச்சியின் பின்னணியில் பிரேம்சந்த் எழுதிய கதையைச் சத்யஜித் ராய் 1977இல் 'சத்ரஞ்ச் கே கிலாரி' என்னும் திரைப்படமாக்கினார். டாலிகஞ்சுக்குத் திரைத்தொழிலால் வந்த பெயருக்குப் பெருமை சேர்த்தவர் அவர். அப்படத்தில் லக்னோவைச் சேர்ந்த செல்வர் இருவர் நாடு பறிபோகும் வேளையில் ஊர்ப்புறம் சென்று ஒளிந்து சதுரங்கம் ஆடுகின்றனர். எல்லாம் முடிந்த பின்னர், ஆங்கில விதிப்படி ஆடுவோம் என்று மீண்டும் காய்களை அடுக்குகின்றனர். அவர்கள் ஆடிய தற்காப்பு எதுவாயினும் ஆகுக. ஆட்டமே அவர்களுக்குத் தற்காப்பாயிற்று. கடமையிலிருந்து ஒளிந்துகொள்ளும் அரண் அது. முதன்முறை அப்படத்தைக் கண்டபோது நகைத்தேன். மாஷ்டார் மொஷாயின் வினாவுக்குப் பிறகு கண்டபோது நகைக்க இயலவில்லை.

ஏன் இயலவில்லை என்பதனைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தல் நேர்மையன்று. பல ஆண்டுகளுக்கு முன்னர் என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. கடைநிலை ஊழியர் ஒருவர் பணியிலிருக்கும்போதே இறந்துவிட்டார். அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வழங்க வேண்டும். பணிப்பதிவேட்டில் அவ்வம்மையார் பெயர் ஒருவிதமாகவும் பிற ஆவணங்களில் வேறுவிதமாகவும் இருந்தது. பதிவேட்டில் நேர்ந்தது எழுதியவர் கைப்பிழையே என்பது பழைய பக்கங்களைப் புரட்டிய எனக்குத் தெரிந்தது. அதனை இரண்டு வரிகளில் குறித்து, திருத்தலாம் என்று பரிந்துரைத்திருக்கலாம். ஆனால், பிழை எவருடையது என்ற வினா எழும். வினா எழுந்தால் விடை கூறவேண்டி வரும். ஆகவே, 'பெயரில் மாறுபாடு காணப்படுகிறது. ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று மட்டும் எழுதிக் கோப்பை மேலே அனுப்பினேன். அதில் ஒரு சொல்லும் பொய்யன்று. விதி எதனையும் நான் மீறவில்லை. கோப்பு மேலே சென்றது, விளக்கம் கேட்டுக் கீழே வந்தது, வேறு பிரிவுக்குச் சென்றது, திரும்பியது. ஒன்றரை ஆண்டு அவ்வம்மையார் எங்கள் மாடிப்படிகளை ஏறி இறங்கினார். என்னைக் காணும்போதெல்லாம் கைகூப்பி, "பாபு, ஏதேனும் தகவல் உண்டா?" என்பார். "மேலே இருக்கிறது, அம்மா" என்பேன்.

பெரும்பிழை எதனையும் செய்யவில்லை; ஆயினும் தோற்றிருந்தேன். என் நீர்யானைத் தற்காப்பு பலகையில் மட்டும் இல்லை என்பது மாஷ்டார் மொஷாய் வினவிய அந்த இரவில்தான் எனக்குப் புலனாயிற்று. மறுவாரம் அக்கோப்பு மீண்டும் என் மேசைக்கு வந்தபோது, நான் அறிந்ததை அறிந்தவாறே எழுதிக் கையொப்பமிட்டேன். முன்னரே ஏன் இதனைக் குறிப்பிடவில்லை என்று விளக்கம் கேட்டு எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. கேட்டது முறையே, என்னிடம் நல்ல விடை இல்லை. ஓய்வூதியம் அவ்வம்மையாருக்குக் கிடைத்தது. ஆனால், அதற்குள் அவர் மகன் கல்லூரிப் படிப்பை விட்டுக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அந்த நகர்வைத் திரும்பப் பெறும் விதி எந்த ஆட்டத்திலும் இல்லை.

இந்த இடத்தில் என் பழைய தற்காப்புக்கும் நீதி செய்தல் வேண்டும். 1966இல் நடந்த உலகப் பட்டப் போட்டியில் போரிஸ் ஸ்பாஸ்கி, பெட்ரோசியனுக்கு எதிராக அதே நீர்யானை அமைப்பைக் கையாண்டார், தோற்கவில்லை. அவர் கையில் அது சுருட்டி வைத்த வில். என் கையில் ஆமை ஓடு. 2000ஆம் ஆண்டில் இலண்டனில் கிராம்னிக், காஸ்பரோவை எதிர்த்துப் பழைய பெர்லின் தற்காப்பை எடுத்தார். ராணிகள் விரைவில் நீங்கிவிடும், பார்ப்பதற்குப் பகட்டற்ற தற்காப்பு அது. 15 ஆட்டங்களில் காஸ்பரோவால் ஒன்றைக்கூட வெல்ல முடியவில்லை, பட்டம் கைமாறியது. 2013இல் சென்னையில் நம் ஆனந்துக்கு எதிராகக் கார்ல்சன் 4ஆம், 6ஆம் ஆட்டங்களில் அதே தற்காப்பை ஆடினார். 6ஆம் ஆட்டத்தில் வென்றார். 8ஆம் ஆட்டத்தில் ஆனந்தும் அதனையே எடுத்து ஆட்டத்தைச் சமன் செய்தார். ஒதுங்கியிருத்தல் வேறு, ஒளிந்திருத்தல் வேறு. முன்னதில் எப்போது வெளியே வருவது என்ற எண்ணம் உண்டு. பின்னதில் வெளியே வராதிருப்பதே எண்ணம்.

தொடக்க ஆட்ட நூல்களைக் கரைத்துக் குடித்தாலன்றி முன்னேற்றம் இல்லை என்று அஞ்சுவோருக்கும் ஒரு சான்று உண்டு. பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான், நம் நாட்டு முறையில் ஆடி வளர்ந்து, மேலைநாட்டு ஆட்டநூல்களின் துணையின்றியே இங்கிலாந்து சென்றார். 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் வாகையர் ஆனார். ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக வாகையர் காப்பாபிளாங்காவையே வென்றார். தொடக்கத்தில் தடுமாறினாலும் நடுவிலும் முடிவிலும் நிமிர்ந்து நின்றவர் அவர். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 2024இல்தான் அவருக்குக் கிராண்ட்மாஸ்டர் என்னும் பட்டத்தை மதிப்பளிப்பாக வழங்கியது. அதனைக் காண அவர் உயிரோடில்லை.

இன்று என் மகளின் கைப்பேசியில் உள்ள செயலி, உலக வாகையரும் வெல்லமுடியாத வலிமை கொண்டது. எந்தத் தற்காப்பு சிறந்தது என்று அதனைக் கேட்டுப் பார்த்தேன். புகழ்பெற்ற தற்காப்புகள் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண்ணைத்தான் இடுகிறது. தசமப் புள்ளிக்குப் பின்னே உள்ள வேறுபாடுகள் எம்போன்றோர்க்கு ஒரு பொருட்டல்ல. பதினைந்தாம் நகர்வுக்குள் நாங்கள் செய்யும் பிழைகள் அவற்றை அடித்துச் சென்றுவிடும். எது உண்மை என்ற வினாவை இயந்திரம் ஒருவாறு தீர்த்துவிட்டது. எது எனக்குரியது என்ற வினாவை அது தொடவில்லை, தொடவும் இயலாது. தோற்றால் நோவது அதற்கில்லை அன்றோ?

அப்படியானால் எதனைத் தேர்வது? இயல்பு, மருந்து என்னும் இரு கொள்கைகளுக்கும் மேலாக ஓர் அளவுகோலை நான் கண்டேன். எந்தத் தற்காப்பில் நேரும் தோல்வியை நான் படித்தறிய முடியுமோ, எந்தத் தோல்வியின் கீழ் 'இது என் பிழை. இந்த இடத்தில் நேர்ந்தது' என்று கையொப்பமிட முடியுமோ, அதுவே கற்பவனுக்குரிய தற்காப்பு. வெற்றி எல்லாத் தற்காப்பிலும் ஒருபோலவே இனிக்கும். ஆதலால் அது அளவுகோல் ஆகாது. தோல்விதான் தற்காப்புக்குத் தற்காப்பு வேறுபடுகிறது. சில தோல்விகள் ஊமையானவை, சில பேசும்.

இதன்படி நான் தேர்ந்தது மிகப் பழைய, மிக எளிய விடை. ராஜாவின் முன் நிற்கும் சிப்பாயை எதிரி இரண்டு கட்டம் நகர்த்தினால் நானும் இரண்டு கட்டம் நகர்த்தி முகத்துக்கு முகம் நிற்பது. குதிரையை வெளியே கொணர்ந்து அச்சிப்பாயைக் காப்பது. ராணிச் சிப்பாயை அவர் நகர்த்தினாலும் அவ்வாறே எதிரே நிற்பது. நடுவெளி திறக்கும், காய்கள் மோதும், பிழை உடனே தண்டனை பெறும். முதல் மூன்று திங்களில் நான் தோற்ற ஆட்டங்களை எண்ணினால் வெட்கம் வரும். ராஜாவின் அருகே மந்திரியைத் தாங்கி நிற்கும் சிப்பாய் கறுப்பின் மென்மையான இடம். ராஜாவைத் தவிர அதற்கு வேறு காவல் இல்லை. எதிரியின் குதிரையும் மந்திரியும் அங்கே கைகோத்து நுழைந்து என்னைப் பலமுறை வீழ்த்தின. ஆனால், ஒவ்வொரு முறையும் மாஷ்டார் மொஷாய் அதே வினாவைக் கேட்டபோது என்னிடம் விடை இருந்தது. "ஏழாம் நகர்வில், மாஷ்டார் மொஷாய், கோட்டை கட்டியிருக்க வேண்டும், சிப்பாய்க்கு ஆசைப்பட்டேன்." அவர் தலையசைத்து, "இப்போது ஆடத் தொடங்கிவிட்டீர்கள்" என்றார்.

இன்றும் நான் சிறந்த ஆட்டக்காரன் அல்லன். மேம்பாலத்தடியில் என்னை வெல்லும் பள்ளிச் சிறுவர் பலர் உளர். ஒளிந்துகொள்ளும் பழக்கமும் முழுதாக நீங்கிவிடவில்லை. கோப்பின் முன்னும் பலகையின் முன்னும் அது அவ்வப்போது எட்டிப்பார்க்கிறது. எட்டிப்பார்க்கும்போது அதனை அடையாளம் தெரிகிறது என்பதொன்றே என் ஊதியம்.

என் ஊர்ப்பக்கத்தில், நீடாமங்கலத்திற்கு அருகே, திருப்பூவனூர் என்னும் பாடல் பெற்ற தலம் உள்ளது. அங்குறையும் இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். சதுரங்கத்தில் எவரிடமும் தோலாத அரசிளங்குமரி ஒருத்தியை, இறைவன் முதியவர் வடிவில் வந்து ஆடி வென்று மணந்தார் என்பது தலவரலாறு. சிறுவயதில் அக்கதையைக் கேட்டபோது வென்றவரையே வியந்தேன். இப்போது எண்ணிப் பார்க்கையில் அக்குமரியையே வியக்கத் தோன்றுகிறது. தோல்வி அறியாதவள், பெயர் தெரியாத முதியவர் ஒருவர் முன்னும் பலகையை விரித்தாள். ஆடமாட்டேன் என்று ஒளியவில்லை. தோற்றாள், அத்தோல்வியின் வாயிலாகவே தனக்குரியவரை அடைந்தாள்.

முதல் நகர்வு நம்முடையதன்று. அது பற்றி முறையிட்டுப் பயனில்லை. விடை நம்முடையது, அவ்விடையின் கீழ் இடும் கையொப்பமும் நம்முடையதே. மதிலின் உயரத்தை அளந்துகொண்டு காலம் கழிப்பதைவிட, அதனுள் நிற்பவன் தன் பெயரை எழுதத் துணிவானா என்று கேட்டுப் பார்ப்பது நன்று. துணிவானாயின், எந்த அரணும் அவனுக்குப் போதும்.